புது கேமை முதல்ல எங்க காட்டறது: புக்லயா, ஷோலயா, சொந்த சேனல்லயா, ஸ்டோர் பேஜ்லயா?

ஃப்ரெண்ட் ஒருத்தன் இன்னும் மூணு பேரோட சேந்து மூணு வருஷமா ஒரு கேம் பண்ணிட்டிருக்கான், இதுவரைக்கும் வெளிய யாருக்கும் தெரியாது. போன வாரம் கூப்ட்டு, "மச்சான், சொல்ற நேரம் வந்தாச்சு, ஆனா முதல்ல எங்க சொல்றதுன்னு தெரியல"ன்னான். அவன் கைல ரெண்டு அழைப்பு இருக்கு. ஒரு கேம் பத்திரிகைல ஆறு பக்கம் தர்றோம்னு சொல்லிருக்காங்க, ஆனா புக் வெளிய வர்ற வரைக்கும் வேற எங்கயும் ஒரு படம் கூட காட்டக்கூடாது. இன்னொன்னு ஒரு ஆன்லைன் ஷோ, அதுல ஒண்ணரை நிமிஷம் ட்ரெய்லர் போடலாம். இது ரெண்டும் இல்லாம நம்மளே யூட்யூப்ல போட்டுக்கலாம், இல்ல பிசி கேம் விக்கற ஆன்லைன் ஸ்டோரான ஸ்டீம்ல பேஜை மட்டும் திறந்து வெச்சிட்டு டெமோ விடலாம். நாலுல எதுன்னு கேட்டான். அன்னிக்கி ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் பேசினோம், அதை அப்படியே எழுதி வெச்சா இதே குழப்பத்துல இருக்கற வேற யாருக்காவது உதவும்னு தோணிச்சு.

முதல்ல புக். இப்ப கேம் ஆட ஆரம்பிச்சவங்களுக்கு இது நம்ப முடியாத மாதிரி இருக்கும், ஆனா ஒரு காலத்துல பெரிய கேமோட விஷயமெல்லாம் பேப்பர்ல தான் வரும். ஸ்கைரிம்மை எடுத்துக்கோங்க, 2010 டிசம்பர்ல ஒரு சின்ன டீசர் விட்டாங்க, அதுல ஒண்ணுமே தெரியாது, அந்த கேம் எப்படி இருக்கும் என்னல்லாம் பண்ணலாம்ங்கறது 2011 பிப்ரவரி கேம் இன்ஃபார்மர் பத்திரிகையோட கவர் ஸ்டோரில தான் வந்தது. ஜிடிஏ 5-ம் அப்படித்தான், 2011 நவம்பர்ல முதல் ட்ரெய்லர் வந்து ஒரு வருஷம் எல்லாரும் யூகம் பண்ணியே ஓட்டினாங்க, அதே பத்திரிகையோட 2012 டிசம்பர் இதழ்ல தான் மூணு ஹீரோ இருக்காங்கங்கறதே தெரிஞ்சது. இவ்ளோ பெரிய கம்பெனிங்க ஏன் புக்குக்கு கொடுத்தாங்கன்னா, அங்க தான் ஆள் இருந்தாங்க. கேம் விக்கற கடையோட மெம்பர்ஷிப்போட சந்தாவும் சேந்தே வரும்ங்கறதால அந்த ஒரு பத்திரிகை லட்சக்கணக்கான வீட்டுக்கு போய்ட்டிருந்தது.

ஒரு கவர் ஸ்டோரி எப்படி ரெடியாகும்னு தெரிஞ்சா தான் அதோட பலமும் பலவீனமும் புரியும். பத்திரிகைக்காரங்க ஸ்டுடியோவுக்கே நேரா போவாங்க, ஒரு ரெண்டு மூணு நாள் உக்காந்து கேமை பாப்பாங்க, கன்ட்ரோலரை கைல வாங்கி ஆடுவாங்க, டைரக்டர்ல இருந்து மியூசிக் போடறவர் வரைக்கும் பேசுவாங்க, திரும்பி வந்து எழுதி, படம் செலக்ட் பண்ணி, லேஅவுட் போட்டு, பிரஸ்ஸுக்கு அனுப்பி, அச்சாகி, லாரி ஏறி, கடைக்கு வந்து சேர ரெண்டு மூணு மாசம் ஆகிடும். அந்த மாசமெல்லாம் ஸ்டுடியோல இருக்கறவங்க, எழுதினவங்க, அச்சகத்துல வேலை பாக்கறவங்க, பேக் பண்றவங்க எல்லாரும் வாயை மூடிட்டு இருக்கணும்.

ஓட்டை விழுந்ததும் அங்க தான்.

ஜப்பான்ல ஃபேமிட்சுன்னு ஒரு வாரப் பத்திரிகை, 1986-ல ஆரம்பிச்சது, அப்புறம் கோரோகோரோன்னு பசங்க காமிக்ஸ் பத்திரிகை, புது போகிமானெல்லாம் வருஷக்கணக்கா அதுல தான் முதல்ல வந்தது. இதழ் கடைக்கு வர்றதுக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடியே யாரோ ஒருத்தர் கைக்கு ஒரு காப்பி போயிடும், உடனே நெட்ல ஸ்கேன் வந்துடும். அந்த ஸ்கேனை பாத்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும், பக்கம் கோணலா இருக்கும், நடு மடிப்புல நாலு எழுத்து காணாம போயிருக்கும், லைட் பட்டு ஒரு மூலை வெள்ளையா அடிச்சிருக்கும், ஓரத்துல ஒரு கட்டை விரல் தெரியும். அதை வெச்சுகிட்டு கொஞ்சம் ஜப்பானீஸ் தெரிஞ்சவங்க வரி வரியா மொழிபெயர்ப்பாங்க, மடிப்புல போன எழுத்தை இவங்களே யூகிச்சு போடுவாங்க, அது தப்பா இருந்தாலும் அதுவே உலகம் பூரா செய்தியா சுத்தும். ரெண்டு மூணு வருஷம் உயிரை கொடுத்து வரைஞ்ச ஒரு கேரக்டரை உலகம் முதல் தடவை அந்த மங்கின போட்டோல தான் பாக்கும். அதை வரைஞ்சவங்களுக்கு எப்படி இருந்திருக்கும்னு நான் பல தடவை யோசிச்சிருக்கேன். எப்படியும் மங்கலா லீக் ஆகப் போகுதுன்னா நாமளே நல்ல வீடியோவா காட்டிடலாமேன்னு கம்பெனிங்களுக்கு தோணினதுக்கு இதுவும் ஒரு காரணம்னு தான் நான் நினைக்கறேன்.

லீக் ஆன்லைன்லயும் தான் ஆகுதுன்னு கேப்பீங்க. ஆகுது. ஜிடிஏ 6 முதல் ட்ரெய்லர் 2023 டிசம்பர் 5 வரும்னு சொல்லிருந்தாங்க, முந்தின நாளே எக்ஸ்ல லீக் ஆச்சு. ஆனா அதை பண்ற ராக்ஸ்டார் கம்பெனி என்ன பண்ணாங்க, கொஞ்ச நேரத்துல ஒரிஜினலை யூட்யூப்ல அவங்களே போட்டுட்டாங்க, 24 மணி நேரத்துல 9 கோடி வியூ தாண்டிடுச்சு, லீக்கை பத்தி யாருமே பேசல. வித்தியாசம் இது தான். ஆன்லைன்ல லீக் ஆனா பட்டனை முன்னாடியே அமுக்கிடலாம். புக்ல லீக் ஆனா பிரஸ்ல இருக்கற பேப்பரை ஒண்ணும் பண்ண முடியாது, எக்ஸ்க்ளூசிவ்னு வாக்கு கொடுத்துட்டதால நீங்களும் நல்ல படத்தை வெளியிட முடியாது, கையை கட்டிகிட்டு பாத்துட்டு இருக்கணும். நாலு பேர் இருக்கற டீமுக்கு இந்த ரெண்டு மாச மௌனம் ரொம்ப பெரிய விலை.

அதனால புக் வேஸ்ட்டுன்னு சொல்ல வரல, அதுக்கு அப்புறம் வர்றேன்.

ரெண்டாவது ஷோ. நிண்டெண்டோ 2011 அக்டோபர் 21-ல அவங்களோட சொந்த ஆன்லைன் ஷோவான நிண்டெண்டோ டைரக்டை முதல் தடவை போட்டாங்க, 2013-ல ஈ3-ங்கற வருஷாந்திர கேம் கண்காட்சில பெரிய மேடை கூட்டமே வேணாம்னு விட்டுட்டு வீடியோ மட்டும் போட்டாங்க, சோனி 2019-ல ஈ3-க்கே போகல, அதே வருஷம் மார்ச்ல ஸ்டேட் ஆஃப் ப்ளேன்னு சொந்த ஆன்லைன் ஷோ ஆரம்பிச்சாங்க. அப்புறம் கொரோனா வந்துச்சு. 1995-ல ஆரம்பிச்ச ஈ3-க்கு 2023 டிசம்பர்ல அவ்ளோ தான், முடிஞ்சதுன்னு அறிவிச்சுட்டாங்க. அந்த இடத்துல இப்ப சம்மர் கேம் ஃபெஸ்ட், த கேம் அவார்ட்ஸ் மாதிரி ஷோங்க உக்காந்திருக்கு.

இதுல பெரிய ஷோக்கு பணம். 2024 சம்மர் கேம் ஃபெஸ்ட்ல ஒரு நிமிஷ ட்ரெய்லருக்கு 2,50,000 டாலர்னு எஸ்குவயர்ல செய்தி வந்துச்சு. ஷோ நடத்தறவங்களே புடிச்சு போய் காசு வாங்காம போடற கேமும் உண்டு, ஆனா அதை நம்பி பிளான் பண்ண முடியாது. ஃப்ரெண்டுக்கு வந்திருக்கறது அந்த ரகம் இல்ல, சின்ன டீமுங்களோட கேமை மட்டும் தேடி எடுத்து போடற ஷோ. டே ஆஃப் த டெவ்ஸ், ஹோல்சம் டைரக்ட் மாதிரி இருக்கறது இந்த வகை தான். எனக்கு இந்த சின்ன ஷோங்க மேல நிறைய மரியாதை உண்டு, ஏன்னா அதை பாக்கறவங்க அந்த மாதிரி கேமை தேடியே வந்து உக்காந்திருக்கவங்க.

ஆனா ஒரு ஷோவை கொஞ்சம் கிட்ட போய் பாருங்க. உங்க ட்ரெய்லர் ஆரம்பிக்குது, முதல் அஞ்சு செகண்டு முன்னாடி வந்த கேமை பத்தி தான் சாட்ல பேசிட்டிருப்பாங்க, பத்தாவது செகண்டுல யாரோ ஒருத்தர் இது வேற ஏதோ கேம் மாதிரி இருக்கேம்பார், முப்பதாவது செகண்டுல நாலு பேர் அழகா இருக்குன்னு போடுவாங்க, அது படிக்கறதுக்குள்ள மேல ஓடிடும், கடைசில உங்க கேம் பேரு வரும், அடுத்த நொடி வேற கேமோட லோகோ. ஒரு மணி நேரம் முடிஞ்சு எழுந்து போறவங்களுக்கு நாப்பது கேம்ல அஞ்சு ஞாபகம் இருந்தா பெரிய விஷயம். அந்த அஞ்சுல இருக்கணும்னா படம் பாத்தவுடனே இது வேற மாதிரி இருக்கேன்னு தோணணும். ஃப்ரெண்டோட கேம் மெதுவா போற கேம், ஒரு கிராமத்து போஸ்ட்மேன் மத்தவங்களுக்கு வர்ற லெட்டரை படிச்சு காட்டற கதை, அதை ஒண்ணரை நிமிஷத்துல வெட்டினா அதோட உயிரே போயிடும். இது ஷோவோட தப்பு இல்ல, அந்த வடிவத்தோட இயல்பு அது.

எனக்கு தெரிஞ்ச இன்னொரு டீமுக்கு நடந்தது இன்னும் வேதனை. ஷோல இடம் கெடச்ச சந்தோஷத்துல ட்ரெய்லருக்கே ராத்திரி பகலா உழைச்சாங்க, ஸ்டோர் பேஜை கடைசி வாரத்துல அனுப்பினாங்க, அது ரிவ்யூ ஆகறதுக்கு சில வேலை நாள் ஆகும்ங்கறதை கணக்குல எடுக்கல, ஒரு படம் சரியில்லன்னு திருப்பி வேற அனுப்பிட்டாங்க. ட்ரெய்லர் ஓடினப்ப பேஜ் திறக்கல. கேம் பேரை தேடினவங்களுக்கு ஒண்ணும் வரல. பேஜ் திறந்தது மூணு நாள் கழிச்சு, அதுக்குள்ள தேடினவங்க மறந்துட்டாங்க. அந்த ராத்திரி அவங்க குரூப்ல யாருமே ஒரு வார்த்தை டைப் பண்ணல. அதனால ஷோக்கு போறதா இருந்தா பேஜ் ஒரு மாசம் முன்னாடியே அப்ரூவ் ஆகி, பட்டனை அமுக்கினா திறக்கற மாதிரி ரெடியா இருக்கணும், இதுல மட்டும் சமரசமே கூடாது.

மூணாவது சொந்த சேனல், இதுல ரொம்ப நேரம் செலவு பண்ண வேணாம். ஏற்கனவே கூட்டம் இருக்கறவங்களுக்கு இதை விட நல்ல வழி கிடையாது. சில்க்சாங்ங்கற கேமோட டீமை பாருங்க, 2019-ல அறிவிச்சுட்டு வருஷக்கணக்கா பெருசா பேசாம இருந்துட்டு 2025 ஆகஸ்ட் 21-ல தேதி சொல்லி செப்டம்பர் 4-ல ரிலீஸ் பண்ணாங்க, ரெண்டே வாரம், கேம் வந்த அன்னிக்கி ஸ்டீம் உட்பட பல ஸ்டோரே திணறிப் போச்சு. ஹை-ஃபை ரஷ் 2023 ஜனவரி 25-ல அறிவிச்ச அன்னிக்கே வெளிவந்தது, ஆனா அது எக்ஸ்பாக்ஸோட சொந்த ஷோ. ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் 2019 பிப்ரவரி 4-ல திடீர்னு வந்து ஒரு வாரத்துல 2.5 கோடி பேர் ஆடினாங்க, ஆனா அதுக்கு பின்னாடி முன்கூட்டியே பேசி வெச்ச பெரிய பெரிய ஸ்ட்ரீமர்ங்க இருந்தாங்க. நூத்தி சொச்சம் சப்ஸ்க்ரைபர் இருக்கற நம்ம சேனல்ல போட்டா அது வெறும் ஹால்ல மைக் புடிச்சு பேசற மாதிரி. வீடியோ அங்க இருக்கணும், லிங்க் கொடுக்க வேணும், அவ்ளோ தான்.

நாலாவது ஸ்டோர் பேஜும் டெமோவும். இது பாக்கறதுக்கு பரபரப்பு இல்லாத வழி, ஆனா சின்ன டீமுக்கு நான் முதல்ல சொல்றது இது தான், ஏன்னா மத்த மூணுலயும் பாக்கறவங்க பாத்துட்டு போயிடுவாங்க, இதுல மட்டும் ஒரு கை அமுக்கின அடையாளம் மிஞ்சும். விஷ்லிஸ்ட்ல, அதாவது பின்னாடி வாங்கலாம்னு குறிச்சு வெக்கற லிஸ்ட்ல, போட்டவங்களுக்கு கேம் ரிலீஸ் ஆகறப்ப ஸ்டீமே மெயில் அனுப்பும், நீங்க ஒவ்வொருத்தரையா தேடி போக வேணாம். ஸ்டீம்ல கேமை போட நீங்க ஒரு கேமுக்கு 100 டாலர் கட்டணும், ரிலீசுக்கு குறைஞ்சது ரெண்டு வாரம் முன்னாடி பேஜ் வெளிய தெரியணும்ங்கறது விதி, ஆனா ரெண்டு வாரம்லாம் பத்தவே பத்தாது, ஆறு மாசத்துக்கு மேல இருந்தா நல்லது. நெக்ஸ்ட் ஃபெஸ்ட்னு வருஷத்துக்கு மூணு தடவை டெமோக்களுக்குன்னே ஒரு திருவிழா நடத்தறாங்க, ஒரு கேம் ஒரு தடவை தான் கலந்துக்கலாம், அதனால அந்த ஒரு சான்ஸை பாதி வெந்த டெமோவை வெச்சு வீணாக்கிடாதீங்க.

டெமோவோட பலம் என்னன்னா ட்ரெய்லர்ல சொல்ல முடியாததை கையே சொல்லிடும். பலாட்ரோ ஒரே ஆள் பண்ண கேம், 2024 பிப்ரவரில ரிலீஸ் ஆகறதுக்கு முன்னாடியே டெமோவை ஸ்ட்ரீமர்ங்க விடாம ஆடிட்டிருந்தாங்க. சீட்டு விளையாட்டை ட்ரெய்லர்ல பாத்தா யாருக்கு ஆசை வரும், ஆனா ஒரு ரவுண்டு ஆடினா விட மாட்டீங்க. அமங் அஸ் 2018 ஜூன்ல வந்து ரெண்டு வருஷம் யாரும் பெருசா கண்டுக்கல, 2020-ல ஸ்ட்ரீமர்ங்க கைக்கு போனப்புறம் தான் உலகமே ஆடிச்சு. 2014-ல பி.டி.ன்னு ஒரு டெமோ ப்ளேஸ்டேஷன்ல வந்துச்சே, நிஜமா யார் பண்ணதுன்னு சொல்லாம, அதை ஆடி முடிச்சவங்களுக்கு தான் இது சைலன்ட் ஹில்ங்கற பேய் கேம் வரிசைல புதுசுன்னு தெரிஞ்சது. அறிவிப்பையே விளையாட்டா பண்ணாங்க, அதுக்கு மேல ஒரு அறிவிப்பு நான் இன்னும் பாக்கல.

ஆனா அந்த பி.டி.யை அடுத்த வருஷமே ஸ்டோர்ல இருந்து தூக்கிட்டாங்க, இப்ப புதுசா யாரும் டவுன்லோட் பண்ண முடியாது. இங்க தான் நான் திரும்ப புக்குக்கு வர்றேன்.

2024 ஆகஸ்ட் 2-ல கேம் இன்ஃபார்மரை மூடினப்ப, 1991-ல இருந்து ஓடின பத்திரிகை, வெப்சைட்ல எந்த பழைய லிங்க்கை தொட்டாலும் ஒரே ஒரு பிரியாவிடை பக்கம் தான் வந்துச்சு, அத்தனை வருஷ எழுத்தும் ஒரே நாள்ல காணாம போச்சு. ஆனா அச்சான இதழ் எதுவும் காணாம போகல, அது அவங்கவங்க அலமாரில அப்படியே இருந்துச்சு. 2025 மார்ச்ல வேற கம்பெனி வாங்கி அதே ஆளுங்களோட திரும்ப கொண்டு வந்தாங்க, ரொம்ப சந்தோஷம், ஆனா நடுவுல இருந்த அந்த மாசங்கள் எனக்கு ஒண்ணை சொல்லிடுச்சு. அதே 2025 ஜனவரில வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன்ங்கற அமைப்பு 1,500-க்கு மேல பழைய கேம் பத்திரிகை இதழ்களை தேடி படிக்கற மாதிரி ஆன்லைன்ல திறந்து விட்டாங்க. அதுல உள்ள போய் பாத்தா நேரம் போறதே தெரியாது. ஏதாவது ஒரு பழைய ப்ரிவ்யூவை எடுத்து ஸ்க்ரீன்ஷாட்டை பெருசு பண்ணி பாருங்க, வெளிவந்த கேம்ல இல்லாத ஒரு மெனு இருக்கும், உயிர் காட்டற கோடு வேற மூலைல வேற கலர்ல இருக்கும், கீழ சின்ன எழுத்துல யாரோ ஒருத்தர் இந்த பாலத்தை தாண்டறப்ப இப்படி இருந்துச்சுன்னு எழுதிருப்பார், அந்த பாலமே கடைசில கேம்ல வந்திருக்காது. ஒரு கேம் பாதி வளர்ந்தப்ப எப்படி இருந்துச்சுங்கறதுக்கு அந்த ஒரு பக்கம் தான் சாட்சி.

இன்னொரு விஷயம், புக்குக்கு பத்து பக்கம் நிரப்பணும்னா கேம் நிஜமாவே இருக்கணும். வெறும் லோகோவை வெச்சு கவர் ஸ்டோரி எழுத முடியாது. வீடியோவுக்கு அந்த கட்டாயம் இல்ல. மெட்ராய்டு பிரைம் 4-ஐ 2017-ல லோகோவா காட்டினாங்க, நடுவுல முதல்ல இருந்து திரும்ப ஆரம்பிச்சு, கேம் வந்தது 2025 டிசம்பர்ல. பெதஸ்டா கம்பெனி எல்டர் ஸ்க்ரோல்ஸ் 6-க்கு 2018-ல ஒரு மலையை காட்டினதோட சரி. அதே பெதஸ்டா ஃபால்அவுட் 4-ஐ 2015 ஜூன்ல சொல்லி நவம்பர்லயே கைல கொடுத்தாங்க, காத்திருந்த மாதிரியே இல்ல.

அப்புறம் கேள்வி கேக்க ஒரு ஆள். கம்பெனியே நடத்தற வீடியோல இது எல்லா மெஷின்லயும் ஒழுங்கா ஓடுமான்னு யாரும் கேக்க மாட்டாங்க. பத்திரிகைல எழுதறவர் கன்ட்ரோலரை வாங்கி ஆடிட்டு, இந்த இடம் இழுவையா இருக்கேன்னு மூஞ்சிக்கு நேரா கேப்பார், அதுக்கு டைரக்டர் சொல்ற பதில்ல தான் கேமே புரியும். பத்திரிகைன்னா புனிதம்னு சொல்லல, நிண்டெண்டோ பவர் நிண்டெண்டோவோட சொந்த பத்திரிகையா இருந்துச்சு, கேம் இன்ஃபார்மர் ரொம்ப வருஷம் கேம் விக்கற கடைக்கு சொந்தமா இருந்துச்சு, எலக்ட்ரானிக் கேமிங் மன்த்லி 1992-ல ஏப்ரல் ஃபூலுக்காக ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-ல ஷெங் லாங்னு ஒரு ரகசிய ஆள் இருக்கறதா எழுதி எத்தனையோ பசங்களை தேட விட்டாங்க. இருந்தாலும் ஒரு மனுஷன் உக்காந்து ஆடி யோசிச்சு எழுதற ஆறு பக்கத்துக்கு ஈடா ஆன்லைன்ல எனக்கு அடிக்கடி எதுவும் கண்ல படறதில்ல. பெரிய வெப்சைட்டுங்கள்ல சில சமயம் அந்த மாதிரி நீள கட்டுரை வருது, ஒத்துக்கறேன், ஆனா அதுவும் மறுநாள் பத்து செய்திக்கு கீழ போயிடுது.

இதெல்லாம் பேசிட்டு ஃப்ரெண்டு கிட்ட நான் சொன்னது இது தான். முதல் அறிவிப்பை புக்குக்கு கொடுக்காத, ஆனா புக்கை விடாத. பேஜையும் ட்ரெய்லரையும் ஒரே நாள்ல, அந்த சின்ன ஷோ வழியா வெளிய விடு, பேஜ் ரெடியா இல்லன்னா ஷோவையே தள்ளி போடு. நாலு மாசம் கழிச்சு டெமோ. டெமோ வர்ற சமயத்துல புக். பத்திரிகைக்காரங்க எக்ஸ்க்ளூசிவ் கேக்கறது நியாயம் தான், அவங்களும் காசு போட்டு அச்சடிக்கறாங்க, அதனால அறிவிப்புக்கு பதிலா வேற ஒண்ணை அவங்களுக்கு மட்டும் கொடு, டெமோல இல்லாத ஒரு முழு அத்தியாயத்தை ஆட விடு, பழைய ஸ்கெட்ச் நோட்டை திறந்து காட்டு. சில்க்சாங்கே 2019-ல நெட்ல அறிவிச்சுட்டு 2020 கடைசில தான் எட்ஜ் பத்திரிகையோட கவர்ல வந்துச்சு, ரெண்டாவதா வந்ததால அந்த கட்டுரையை யாரும் படிக்காம விடல.

ஒரே ஒரு சந்தேகம் எனக்கு இருந்துச்சு, கேம் ரொம்ப மெதுவானது, ட்ரெய்லர்ல எடுபடாது, அப்ப புக்கே முதல்ல வரட்டும்னு விட்டா என்ன? அவன் டீம்ல இருக்கற எழுத்தாளர் பொண்ணு அதை தான் கேட்டாங்க, நல்ல கேள்வி. ஆனா புக்கை படிச்சு ஆசைப்பட்டவங்க அடுத்த நிமிஷம் போன்ல தேடுவாங்க, அங்க பேஜும் இல்ல டெமோவும் இல்லன்னா அந்த ஆசை அங்கயே அணைஞ்சிடும். பணம் நிறைய இருந்து, பேஜ், டெமோ, புக் மூணும் ஒரே நாள்ல வர்ற மாதிரி பண்ண முடிஞ்சா நானும் புக்கை முன்னாடி வெச்சிருப்பேன். நாலு பேரால அது முடியாது.

பத்திரிகைக்கு எழுதி கேட்டான், ஒத்துகிட்டாங்க. ஒரே நிபந்தனை, ட்ரெய்லர்ல இருந்து வெட்டின படம் ஆகாது, அச்சுக்கு 300 டிபிஐ வேணும், ரெண்டு பக்கம் முழுசா நிரப்பற அளவுக்கு. நேத்து பேசறப்ப அவன் போஸ்ட் ஆபீஸ் சீனை பெரிய ரெசல்யூஷன்ல திரும்ப எடுத்துட்டிருந்தான், ஜன்னல் வழியா வர்ற வெளிச்சம் லெட்டர் மேல விழற இடம் மடிப்புல போயிடக்கூடாதுன்னு கேமராவை கொஞ்சம் கொஞ்சமா இடது பக்கம் தள்ளிட்டே இருந்தான்.